வறண்ட காலத்தில் ஊர் பார்ப்பவர்கள்

“காலை எடு” என்றாள் அண்ணி, சாலையை விட்டுப் பார்வையைத் திருப்பாமல்.

எடுத்தேன். என்னை அறியாமல்தான் பிரேக்கின்மேல் வைத்திருந்தேன். நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எங்கள் பள்ளிக் கார்களில், ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. வருடக்கணக்கில் அந்தப் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்து, என் வலது கால் தனக்கென்று ஒரு புத்தியை வளர்த்துக்கொண்டுவிட்டது. எதிரே ஒரு மாடு தலையைத் திருப்பினால்கூடப் போதும், அது பாட்டுக்கு மிதித்துவிடும். பள்ளியில் எனக்குப் பெயரே கிளட்ச் மேடம். பழைய கார்களில் ஒன்றைப் பள்ளிக்காரர் கழித்துக்கட்டியபோது நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பெடல்களைக் கழற்றித் தருவதாக மெக்கானிக் சொன்னார். இருக்கட்டும் என்றுவிட்டேன். அண்ணிக்கு அதில் இன்றுவரை வருத்தம். நன்றாக ஓட்டுகிறவள் அவள். நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

அந்தக் காரில்தான் கோடை தொடங்கியதிலிருந்து சனிக்கிழமைதோறும் கிளம்பிக்கொண்டிருந்தோம். அண்ணி நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத மருந்தகத்தில் வேலை பார்த்தாள். கண்ணாடித் தடுப்பில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டை வழியாகச் சீட்டு வரும், மருந்து போகும். முகம் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். இனி குனிந்தது போதும், ஏதாவது ஒரு சின்ன ஊரில் சொந்தமாக மருந்துக்கடை வைக்கப்போகிறேன் என்று ஒருநாள் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டேன். பார்த்தால் தெரியும் என்றாள். அதனால் பார்க்கக் கிளம்பினோம். மூன்றாவது வருடமாக மழை பொய்த்திருந்தது. ஏரிகள் எல்லாம் வெடித்த மண்ணாகக் கிடந்தன. இந்த வெயிலில் யாராவது ஊர் பார்க்கப் போவார்களா, நாலு மழை பெய்யட்டுமே என்றேன்.

“மழை பெஞ்சா எல்லா ஊரும் அழகாத்தான் இருக்கும். பொண்ணு பாக்க வரும்போது வீட்டைக் கழுவி வெச்ச மாதிரி. காஞ்சு கெடக்கும்போது போய்ப் பாக்கணும். அப்பத்தான் அந்த ஊரு எப்படின்னு தெரியும்” என்றாள்.

அவள் சொன்னது சரிதான் என்பது போகப் போகப் புரிந்தது. ஒரு ஊரில் முடிதிருத்தும் கடைக்காரர் ‘தலையை நனைக்காமல் வெட்டப்படும்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தார். அதைப் படித்துவிட்டு அண்ணி சிரித்த சிரிப்பில் அவரும் வெளியே வந்து சிரித்தார். இன்னொரு ஊரில் தெருக்குழாயைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கம்பிவேலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி ஒருவரிடம். அவர் வீட்டுப் பூந்தொட்டிகள் பச்சைப்பசேலென்று இருந்தன. அண்ணி இறங்கவே இல்லை, வண்டியைத் திருப்பிவிட்டாள். ஒரு ஊரில் எல்லாரும் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். கஷ்டம் எதுவும் இல்லை, எல்லாம் சௌகரியம் என்றார்கள். அந்த ஊரும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தண்ணீருக்குக்கூடச் சண்டை போடாதவர்கள் மனதில் எதை வைத்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றாள். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில்தான் போய் நிற்பாள். சண்டை எப்படித் தொடங்குகிறது என்பதைவிட அது எப்படி அடங்குகிறது என்பதைக் கவனிப்பாள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோர்ட்டின் கணக்குப்படி அவள் இப்போது என் அண்ணி இல்லை. அண்ணனும் அவளும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு பேருமே நல்லவர்கள்தான். ஒரே வீட்டில் இருந்தபோது ஒருவரை ஒருவர் நல்லவராக இருக்க விடவில்லை, அவ்வளவுதான். பிரிந்த பிறகு நான் அவளை என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, வேறெதுவும் வாயில் வராமல் ‘அண்ணி’ என்றே கூப்பிட்டேன். அவளும் ‘என்ன’ என்றாள். அதற்குமேல் அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை என் கால் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்ததற்கு மாடு காரணம் இல்லை. அந்த வாரம் அண்ணன் போனில் கூப்பிட்டிருந்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். எளிமையாக, பதிவு அலுவலகத்தில். மணப்பெண் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. “அவகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு” என்றான். சின்ன வயதிலிருந்தே வீட்டில் எதை உடைத்தாலும் அப்பாவிடம் சொல்ல என்னைத்தான் அனுப்புவான். சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கிளம்பும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பெட்ரோல் போடும்போது சொல்லலாம் என்று தள்ளினேன். நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலைக்குள் இறங்கிய பிறகும் என் வாயில் அது வரவில்லை. காலில்தான் வந்தது.

ஏற்றம் முடிந்து சாலை வளையும் இடத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. ஓரமாக நிறுத்தப்படவில்லை. பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு, விளக்கு எதுவும் போடாமல் நின்றது. இப்படி நிறுத்துகிறவனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது என்று நான் ஆரம்பிப்பதற்குள் அண்ணி காரை ஓரங்கட்டி இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததை நான் பார்த்திருக்கவில்லை. லாரிக்காரர் ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

ஐம்பதைத் தாண்டியவர். சட்டை முழுக்க வியர்வையில் ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. அண்ணி கேட்ட எதற்கும் பொருத்தமான பதில் இல்லை, வண்டியை எடுக்கணும், வண்டியை எடுக்கணும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று அண்ணி அவர் சட்டைப் பையிலும் டிபன் பையிலும் தேடினாள். மாத்திரை அட்டை கிடைத்தது. டிபன் டப்பா திறக்கப்படாமல் கனமாக இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். “சர்க்கரை இறங்கிடுச்சு” என்றாள் என்னிடம். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கி, அவர் விழுங்குகிறாரா என்று முதல் வாயில் பார்த்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாள். குழந்தைக்குக் கொடுப்பதுபோல இல்லை, வேலை செய்வதுபோலக் கொடுத்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. சற்று நேரத்தில் அவர் கண்ணில் ஆள் திரும்பி வந்தார். முதல் காரியமாக எங்களைப் பார்த்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

டிபன் டப்பாவைத் திறந்து அவர் கையில் கொடுத்துச் சாப்பிட வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். கீழே இருக்கும் ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார். வழியில் ஒரு குடியிருப்பில் கொஞ்சம் இறக்கிவிட்டு வந்ததில் நேரமாகிவிட்டது. காலையிலிருந்து காத்திருப்பார்கள். இப்போது பரவாயில்லை, எடுத்துவிடுவேன் என்றார்.

“இன்னிக்கு நீங்க வண்டி ஓட்டக் கூடாது. நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு அப்புறம் தொடுங்க” என்றாள் அண்ணி.

“அப்ப தண்ணி?”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஏற்கெனவே லாரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனரக வண்டிக்கான லைசென்ஸ் என்னிடம் உண்டு. பள்ளியில் லாரி இருந்தவரை அதிலும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். லாரியை விற்றபோது எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள், நான் மட்டும் ஒருநாள் லீவு போட்டேன். நான் ஓட்டுகிறேன் என்றேன். லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிளட்ச் எவ்வளவு ஆழத்தில் பிடிக்கும், இரண்டாவது கியர் இழுக்குமா, ஏர் பிரேக் அழுத்தம் எதுவரை ஏறும் என்று கேட்டேன். பதில் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். “நிறைஞ்ச டாங்க்னா பயமில்லம்மா. இது கொறை டாங்க். நீங்க நின்னாலும் உள்ள இருக்கறது நிக்காது” என்றார். தெரியும் என்றேன்.

தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டபோது, வண்டி நின்ற பிறகு பின்னாலிருந்து தண்ணீர் எழுந்து வந்து டாங்க்கின் முன்சுவரில் மோதி முதுகைப் பிடித்துத் தள்ளியதே, அதற்கு எந்த வகுப்பிலும் பாடம் இல்லை. இரண்டாவது வளைவில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, அந்த அலை வருவதற்காகக் காத்திருந்து, அது வந்து போன பிறகு மெல்ல விட்டேன். மூன்றாவது வளைவில் எனக்கும் அதற்கும் ஒரு பேச்சு ஏற்பட்டுவிட்டது. இரண்டு பக்கமும் நிறமே இல்லாத வயல்கள். என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பகுதியிலேயே இருந்த மொத்தத் தண்ணீர். கண்ணாடியில் பின்னால் வரும் காரைப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாமல் நின்று நின்று குதித்துக்கொண்டு வந்தது. அண்ணிக்கு என்ன ஆயிற்று என்று பயந்தேன். பிறகுதான் புரிந்தது. பக்கத்து இருக்கையில் லாரிக்காரர். அவர் காலடியிலும் ஒரு பிரேக். நான் ஒவ்வொரு வளைவை நெருங்கும்போதும் அவர் அங்கே மிதித்துக்கொண்டிருக்கிறார்.

ஊரின் முதல் தெருவிலேயே டிரம்களும் குடங்களும் வாளிகளும் வரிசையாகக் காத்திருந்தன, ஆட்கள் நிழலில் இருந்தார்கள். லாரி சத்தம் கேட்டதும் எழுந்து அவரவர் பாத்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்கள். நான் இறங்கியதும் சத்தம் அடங்கிவிட்டது. எங்கள் டிரைவர் எங்கே என்று ஒருவர் கேட்டார். வண்டியைத் திருடிக்கொண்டு வருகிறவள் தண்ணீர் காத்திருக்கும் தெருவுக்கா ஓட்டி வருவாள் என்று இன்னொருவர் அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதற்குள் கார் வந்து நின்று, லாரிக்காரர் வெளிறிய முகத்தோடு இறங்கினார். அவரைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். தண்ணீரைப்பற்றி யாரும் பேசவில்லை. ஒருவர் ஸ்டூல் கொண்டுவந்தார். ஒருவர் விசிறினார். ஒரு பெண்மணி, வரிசையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் போலிருந்தது, சாப்பிடாமல் வந்ததற்காக அவரை அந்தத் தெருவே கேட்கும்படி திட்டினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஒருவர் போய்க் குழாயை மாட்டினார்.

அண்ணி காரில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வாரம் ஊர் தேடி அலைந்தபோது கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை.

வரிசைக்காரம்மா எங்கள் பாட்டில்களைப் பிடுங்கி முதலில் நிரப்பிக் கொடுத்தாள். அண்ணி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும், ஊரில் இருந்த ஒரே மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்றும், தலைவலி மாத்திரைக்குக்கூட ஒருமணி நேரம் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்றும் சொன்னாள். எதிர்வரிசையில் மூடிக்கிடந்த கடையைக் காட்டினாள். அண்ணி அந்தக் கதவை ஒரு நிமிடம் பார்த்தாள்.

“அக்கா தங்கச்சியா நீங்க?” என்று கேட்டாள் வரிசைக்காரம்மா.

“இல்லைங்க. இவ என் நாத்தனார்” என்றாள் அண்ணி. அவ்வளவு சுலபமாக.

“நாத்தனாரும் அண்ணியும் சேந்து ஊர் சுத்தறீங்க. இதை நான் நம்பணும்” என்றாள் அவள். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே பிரேக் போட்ட பிறகும் நிற்காத ஒன்று வந்து மோதியது.

வெயில் தாழ்ந்ததும் குளத்துக்குப் போகலாம் வாருங்கள் என்று அழைத்தாள். இந்த ஊரில் குளமா என்று ஆவலோடு போனோம். நீச்சல்குளம். எந்தக் காலத்திலோ, ஊரில் ஆலை ஓடிய காலத்தில், வேலையாட்களுக்காகக் கட்டியது. நீலச் சதுரக் கற்கள் பதித்து, ஒரு முனையில் இடுப்பளவில் தொடங்கி மறுமுனையில் இரண்டு ஆள் உயரத்துக்குச் சரிகிற பெரிய குளம். மருந்துக்குக்கூட ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த ஆழமான முனையில், சுவரின் நிழலில், பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்றார்கள். தண்ணீர் இருந்த காலத்தில் வராதவர்கள்கூட இப்போது தினமும் வருகிறார்களாம், நீச்சல் தெரியாதவர்கள் தைரியமாக ஆழத்துக்குப் போகலாம் என்பதால். நாங்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கல்லின் குளிர்ச்சி செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. லாரிக்காரரும் ஒரு நாற்காலியில் இருந்தார். அவர் கையில் யாரோ ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து, தின்று முடிக்கிறாரா என்று காவல் இருந்தார்கள்.

எங்களுக்கு ஓரத்தில் இரண்டு நாற்காலி கிடைத்தது. தலைக்குமேல் ஒரு நீள்சதுர வானம். அண்ணி காலை நீட்டிக்கொண்டு, “இந்த ஊர்தான்” என்றாள். பிறகு, “என்ன சொல்ற?” என்றாள்.

இனியும் தள்ளினால் அது பொய் சொன்ன கணக்கில் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. நான் அவள் பக்கம் சாய்ந்து, முடிந்தவரை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். “அண்ணி, அண்ணனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்.”

வெறும் குளத்துச் சுவர் எதையும் விழுங்காது என்பது எனக்குத் தெரியாது. என் குரல் நீலக் கல்லில் ஏறி, எதிர்ச்சுவருக்குப் போய், வட்டமாகச் சுற்றி எங்களிடமே திரும்பி வந்தது. கல்யாணம், கல்யாணம். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எங்கள் கதை அவர்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தில் அண்ணி என்ற சொல்லும் அண்ணன் கல்யாணமும் சேர்ந்து இருந்ததே, அதை வைத்துப் பாதியைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். வரிசைக்காரம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். லாரிக்காரர் பழத்தைப் பார்த்தார்.

அண்ணி அசையவில்லை. முகம் மட்டும் ஒரு கணம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் மருந்தகத்து முகமாக மாறி, திரும்பி வந்தது.

“யாரு பொண்ணு?” என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்திப் பயனில்லை என்பது அவளுக்கு என்னைவிட முன்பே புரிந்திருந்தது.

“கணக்கு டீச்சராம்.”

“நல்லது. அவருக்குக் கூட்டல்கூட வராது.”

யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அது எதிரொலித்து இரண்டு பேர் சிரித்ததுபோலக் கேட்டது. அண்ணியும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அது சிரிப்பால் வந்ததுதானா என்று நான் பார்க்கவில்லை.

“கல்யாணத்துக்குப் போவ இல்ல?” என்றாள்.

“போகணும். என் அண்ணன்.”

“போ. நல்லதா ஒரு புடவை கட்டிட்டுப் போ. அவளை என்னன்னு கூப்பிடுவ?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. “அண்ணின்னுதான்” என்றேன்.

“அப்ப நான் யாரு?”

பாதி ஊர் காத்திருந்தது. வகுப்பில் மாணவர்கள் தடுமாறும்போது நான் சொல்வதுண்டு, நிற்பதா போவதா என்று முடிவு செய்துவிட்டால் மீதியை வண்டி பார்த்துக்கொள்ளும் என்று. முடிவு செய்தேன்.

“நீங்களும் அண்ணிதான். எனக்கு இனிமே ரெண்டு அண்ணன்னு வெச்சுக்கறேன். உங்ககூட இருந்தவன் ஒருத்தன். இப்ப கல்யாணம் பண்ணிக்கப் போறவன் இன்னொருத்தன். ரெண்டு அண்ணன் இருந்தா ரெண்டு அண்ணி இருக்க மாட்டாங்களா?”

அண்ணி என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கல்லில் அது இழுபட்ட சத்தம் பெரிதாகக் கேட்டது. வரிசைக்காரம்மா பொதுவாக எல்லாரையும் பார்த்து, அவரவர் பேச்சைப் பேசுங்கள் என்றாள். அவரவர் பேச்சு மெல்லத் தொடங்கியது. மூடிய கடையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று அண்ணி அவளிடம் விசாரித்தாள். ஒருவர், அது தன் மாமனாரிடம் இருப்பதாகவும் காலையில் வாங்கி வைப்பதாகவும் சொன்னார். பூட்டு துருப்பிடித்திருக்கும், எண்ணெய் கொண்டுவா என்றார் வேறொருவர். காலையில் லாரியை யார் திருப்பிக்கொண்டுபோவது என்று லாரிக்காரர் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். இரவு அங்கேயே தங்குவது என்று ஆகிவிட்டிருந்தது. நான் ஆகட்டும் என்று தலையசைத்தேன்.

வெளிச்சம் குளத்தின் விளிம்பை விட்டு மேலேறியதும் கிளம்பத் தொடங்கினார்கள். நாற்காலிகளை இரவில் கீழே விடுவதில்லை போலிருக்கிறது. ஒவ்வொருவராக ஏணியில் ஏறி விளிம்பில் நின்றுகொண்டு நாற்காலிகளை வாங்கக் கையை நீட்டினார்கள். அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். குளத்தின் ஆகப் பள்ளமான இடத்தில், கறுப்பு வண்ணத்தில் ‘ஆழம்’ என்று எழுதியிருந்த எழுத்து அவள் தலைக்குமேல் இருக்க, கால்களை அகட்டி ஊன்றி நின்றாள். ஒரு நாற்காலியை எடுத்து இரண்டு கைகளாலும் உயர்த்தினாள். எட்டவில்லை. நான் போய் அதன் மற்ற இரண்டு கால்களைப் பிடித்தேன். இரண்டு பேரும் குதிகாலை உயர்த்தி நின்றோம். மேலிருந்து கைகள் இறங்கி வந்தன.